பதினொரு கிலோமீட்டர்

எங்கள் வீட்டிலிருந்து கான் நகரம்
இருநூற்று முப்பத்தொன்பது.
இருநூற்றைம்பது இருந்தால் இரண்டு புள்ளி,
இல்லாவிட்டால் ஒன்று.
உதவித்தொகைப் படிவம் எதையும் ஒளிப்பதில்லை.
கீழே சின்ன எழுத்தில் சொல்லிவிடுகிறது:
பெற்றவர்களை விட்டு எவ்வளவு விலகுகிறாயோ
அவ்வளவு தருவோம்.

கார்ஜில், ஏழாம் மாடியில்
அப்பா வரைபடத்தை இரண்டு விரலால் விரித்துப் பார்க்கிறார்.
விமான நிலையச் சரக்கு லாரியில் பதினாறு வருஷம் ஓட்டியவர்.
"ஆர்ஜாந்தெய் வழியா சுத்திப் போனா
பன்னெண்டு கூடும்" என்கிறார்,
விளையாட்டாக இல்லை.
"அவங்க கணக்கு அவங்களுக்குப்பா."
"வந்து பக்கத்துல உக்காரட்டும். ஓட்டிக் காட்டறேன்."

வருமான வரித் தாள்
போன வருஷத்துக்கும் முந்தைய வருஷத்தது.
அதிலிருக்கும் சவரிநாதன்
இரவு ஷிப்ட், ஞாயிறு, கிறிஸ்துமஸ்
ஒன்றையும் விடாதவர். பணக்காரர்.
முதுகில் வெந்நீர்ப் பையோடு
நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருக்கும் இவரை
அந்தத் தாளுக்குத் தெரியாது.
அந்தப் பணக்காரரின் மகள் நான்
பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே
யாரோ கட்டிவைத்த அரைப்படியில் நிற்கிறேன்.
ஒரு புள்ளி கூடினால் ஒரு படி ஏறலாம்.
ஒரு படி என்பது
மாதத்தில் பன்னிரண்டு மதியச் சாப்பாடு.

தம்பி ரெமி இப்போதைக்கு இரண்டு புள்ளி.
ஜூனில் தேறிக் கல்லூரி சேர்ந்தால் நான்கு.
இது தெரிந்த நாளிலிருந்து
அவனுக்குக் காபி போட்டுக் கொடுக்கிறேன்.
தத்துவத் தாளுக்குக் குறிப்பெழுதித் தருகிறேன்.
"கமிஷன் எவ்ளோ?" என்கிறான் தடியன்.

எனக்கு வேண்டியது கானின் சேறு.
போன வசந்தத்தில் கூட்டிப் போனார்கள்.
கடல் விலகிப் போயிருந்தது,
வருவதாகச் சொல்லிவிட்டு.
முழங்கால் வரை புதைந்து நின்றோம்.
பேராசிரியை ஒரு கம்பியை இழுத்துச்
சேற்றை அல்வாபோல் நறுக்கினார்:
ஒரு கறுப்பு வரி, ஒரு சாம்பல் வரி,
ஒவ்வொன்றும் ஒரு வெள்ளம், ஒரு வறட்சி, ஒரு புயல்.
என் ஒரு பூட்ஸ் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கிளெர்மோன் ஃபெரான்:
நானூற்று முப்பது. முழு இரண்டு புள்ளி.
வாடகை மலிவு.
அணைந்த எரிமலைகள், கறுத்த கோயில்.
எனக்கு அவற்றோடு ஒரு பகையும் இல்லை.

அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.
அவள் பெயர் அமலோற்பவம்;
அலுவலகத்தில் அதைச் சொல்ல வராமல் "அமி" என்பார்கள்.
நிமிராமல் கேட்டாள்:
"தூரத்துக்குப் புள்ளி குடுக்கறான்னா
காரைக்கால்லேருந்து இங்க வந்ததுக்கு
எனக்கு எத்தனை?"
கீழே உருட்டித் தேடினேன்.
அதற்குக் கட்டம் இல்லை.
"சும்மாதான் கேட்டேன்" என்றாள்,
ஒரு முற்றிய காயைத் தூக்கிப் போட்டபடி.

இரவு, எல்லோரும் தூங்கின பிறகு
கடைசிக் கேள்வி:
எங்கள் பல்கலைக்கழகத்தை ஏன் விரும்புகிறீர்கள்?
ஆயிரத்து ஐந்நூறு எழுத்துகளுக்குள்.
"தூரத்தில் இருக்கிறீர்கள்" என்று எழுதினேன்.
மிச்சம் நிறைய இருந்தது.
அழித்தேன்.
எரிமலைகள் பற்றித் தொடங்கினேன்,
சின்ன வயதிலிருந்தே, மிகுந்த ஆர்வம், வழக்கமான பொய்.
மூன்றாம் பத்தியில்,
மெல்ல மெல்ல ஆறும் குழம்பில்தான்
பெரிய படிகங்கள் விளையும் என்று எழுதியபோது
கை நின்றது.
திரும்பப் படித்தேன்.
அந்த ஒரு வரியை மட்டும்
யாருக்காகவும் எழுதவில்லை.

கானுக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம்.
பூட்ஸைப் பற்றிச் சொல்லவில்லை.

அனுப்பு என்ற பொத்தானை அழுத்தின சத்தம்
ஹாலுக்குக் கேட்டிருக்காது.
ஆனாலும் அப்பா கதவருகே வந்து நின்றார்,
வெந்நீர்ப் பை ஒரு கையில்.
"கிளெர்மோன்ல வண்டி நிறுத்தக் காசா, ஃப்ரீயா?"
"ஞாயித்துக்கிழமை ஃப்ரீப்பா" என்றேன்.
தெரியாது.
இருக்கும்.